உன் வீட்டுச் சுவரின் கோணல் கோடு

உன் பெயிண்ட் பையை இன்றைக்குத்தான் திறந்தேன். வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உன் மனைவி போன மாதம் கொடுத்தது. பழைய தின்னர் வாடை மூக்கைத் துளைத்தது. உள்ளே நாலு பிரஷ், நாலும் கல்லாக இறுகிக் கிடக்கின்றன. ஓரம் அடிக்கவென்று நான் தேடிப்பிடித்து வாங்கித் தந்த, நுனி சாய்வாக வெட்டிய பிரஷ்ஷும் அதில் ஒன்று. வேலை முடிந்ததும் கழுவி, மயிரைச் சீவி, காகிதத்தில் சுற்றி வை என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். நீ அதை டப்பாவிலேயே நட்டுவிட்டு டீ குடிக்கப் போவாய். செத்தும் திருந்தவில்லை நீ.

இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனிப் பையன்கள் தங்கும் வாடகை அறைகளில் ஆறு வருடம் ஒன்றாகப் பெயிண்ட் அடித்தோம். ஓரம் நேராக வர டேப் ஒட்டச் சொன்னால் ஒட்டுவாய்; விரலால் அழுத்த மாட்டாய், அடியில் பெயிண்ட் கசியும். பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு டேப்பை இழுத்துச் சுவரையும் பெயர்ப்பாய். கேட்டால் ஒரே பதில்: "நைட் ஷிப்ட்டு பாத்துட்டு வந்து படுக்கறவன் ஓரத்தையா பாத்துக்கினு இருப்பான்?" பின்னாலேயே வந்து நான் திருத்துவேன். உன்னைப் போல வெட்கம் கெட்ட பெயிண்டரை நான் பார்த்ததில்லை.

போன மாதம் உன் பெண்ணுக்கு நிச்சயம். பிள்ளைப்பாக்கத்தில் உன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் புது மாடி அறைகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். இந்த வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். எனக்கு அந்த மாடி வேலை கட்டாயம் தேவைப்பட்டது. கூடத்தில் கீழே நீலம், மேலே வெளிர் மஞ்சள், நடுவே நீ நேர் பிடிக்க நூல்கூட அடிக்காமல் கண் மதிப்பில் இழுத்த கோடு. சொந்த வீட்டிலும் அதே லட்சணம். இங்கேயாவது உன்னை நேராக்கிவிடலாம் என்று நூலை எடுத்தேன். உன் மனைவி வந்து நின்றாள்.

"கலர் புதுசா அடிங்கண்ணா. கோட்ட மட்டும் நேராக்காதீங்க. அது அவுரு கை."

நேர்க்கோடு என்றால் ஒரு மணி நேர வேலை. உன் கோணலை அப்படியே பிடிக்க முழுப் பகலும் போயிற்று. நீ ஏறிய இடத்தில் ஏறி, சறுக்கிய இடத்தில் சறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தேன். எரிச்சலாக வந்தது. நடுவில் அழுகையும் வந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, கோடு இப்டி கோணலா கீது. யாரு இழுத்தது?"

உன் மனைவி கதவருகே நின்றிருந்தாள். நான்தான் என்றேன். மாடி வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. உன் கோடு இப்போது என் பெயரில் இருக்கிறது, பாவி.