உன் சைக்கிளின் இடது பெடல்

இன்று காலை மண்ணெண்ணெயில் ஊறிய துணியின் வாடை அடுத்த வீட்டிலிருந்து வந்தது. யாரோ வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைப் பிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் சன்னலைச் சாத்தினேன். நீ போய் இத்தனை வருஷமாகியும் அந்த வாடை எனக்கு எரிச்சலைத்தான் கிளப்புகிறது.

அது யுத்த காலம். எனக்கு விழுப்புரம் ரயில் ஷெட்டில் வேலை. நீ திண்டிவனத்தில் சைக்கிளில் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸ். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால், நீ தண்ணீர் தருவதற்கு முன்பே "இடது பெடல் ஆடுதுங்க" என்பாய். ஒரு வாரம் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த இரும்புக் குண்டுகள் தேய்ந்துபோயிருந்தன. புதுக் குண்டுக்காக விழுப்புரத்தில் கடை கடையாக அலைந்தேன். கிடைத்தவையும் அளவில் சற்றுச் சிறியவை; அவற்றையே வாங்கிக்கொண்டேன். "சண்டை முடியட்டும் சார், அப்பறம் வாங்க" என்றார் கடைக்காரர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பெடலோடு மல்லுக்கட்டினேன். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கிரீஸ் தடவிக் குண்டுகளை ஒட்டி, அவற்றை அணைத்து நிற்கும் கோனைத் திருகி, அதற்கு மேல் நட்டை இறுக்குவேன். நட்டோடு சேர்ந்து கோனும் சுற்றி இறுகிக்கொள்ளும், பெடல் சுற்றாது. தளர்த்தினால் மறுபடி கடகடவென்று ஆடும்.

"எஞ்சினையே பிரிச்சு மாட்டுறவரு, இந்தத் துக்கடா பெடலுகிட்ட தோத்துட்டீங்களே" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் மயிலம் பக்கத்திலிருந்து ஒருவர் மூச்சிரைக்க வந்தார். "நர்ஸம்மா, ஜல்தி வாங்க. தங்கச்சி வலியில துடிச்சிக்கினு கீறா!"

"மாட்டிக் குடுங்க, போவணும்" என்றாய்.

"நட்டு நிக்கல. இரு, மாட்டு வண்டி கட்டச் சொல்றேன்."

"கொழந்த இருன்னா இருக்குமா?"

ஆடுகிற பெடலோடு கிளம்பிவிட்டாய்.

மறுநாள் நான் வேலைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றேன். சைக்கிளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாய். பாதி வழியில் பெடல் கழன்று குண்டுகள் புழுதியில் கொட்டிவிட்டனவாம். பெடலையும் கோனையும் நட்டையும் பொறுக்கிக்கொண்டு, மீதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாயாம். தாயும் பிள்ளையும் சுகம் என்றாய். நான் கத்தித் தீர்த்தேன். நீ கையைக் கழுவிவிட்டு என் எதிரே உட்கார்ந்தாய். வாங்கியதில் மிச்சமிருந்த குண்டுகளை எடுத்து வைத்தேன்.

"கோனைக் கொஞ்சம் லூசா வுடுங்க. நட்டை இறுக்கும்போது அதுவும் கூடவே வந்து சரியாப் பூடும்."

அப்படியே செய்தேன். பெடல் ஆடாமல், சத்தமில்லாமல் சுற்றியது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் பேச வுடலியே."

உன்னை எடுத்துப்போன அன்று, அந்த மயிலம் பக்கத்துப் பெண் வந்திருந்தாள். "அன்னிக்கு வழியில விழுந்து, முழங்கையெல்லாம் கிழிஞ்சி ரத்தம் ஊத்திக்கினு வந்தாங்க. துணியச் சுத்திக்கினு மொதல்ல என் கொழந்தயத்தான் பாத்தாங்க" என்று சொல்லி அழுதாள். கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்துக் கேட்டபோது, முள் கீறியது என்றுதான் என்னிடம் சொன்னாய். நானும் நம்பினேன்.

ஏன் மறைத்தாய்? தெரிந்தால் அடுத்த முறை போக விடமாட்டேன் என்றுதானே? விட்டிருக்க மாட்டேன்தான். நீ இருந்தபோதே தெரிந்திருந்தால் ஒரு சண்டையில் தீர்ந்திருக்கும் இந்தக் கோபம். இப்போது சண்டை போட்டுத் தீர்க்க ஆளில்லாமல் என்னிடமே இருக்கிறது.