ஆறிப்போன மூன்று சட்டிகள்

என் இன்னாசி அண்ணே,

நீ இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து ஒரு வாரமாகிறது. கோவிலில் எல்லாரும் அழுதார்கள். எனக்குக் குமட்டல்தான் வந்தது. யாரை நினைத்து என்று கேட்கிறாயா? என்னை நினைத்துத்தான்.

நீ கடலில் சங்கு குளித்துவிட்டு வீடு வரும்போது அழுகின சங்குச் சதை நாற்றமும் உன்னோடு வரும். நான் தாவணியால் மூக்கைப் பொத்துவேன். "ஏளா மூக்குப்பொத்தி, இந்த நாத்தத்துலதான் நீ சோறு திங்குத" என்று சிரிப்பாய். வெளியாட்களிடம் நான் பேச வேண்டியதையும் நீயே பேசிவிடுவாய். இப்போது நானே பேச வேண்டியிருக்கிறது.

உனக்கு ரத்தபேதி வந்தபோது ஆஸ்பத்திரியில் ஊசிமருந்து இல்லை. உலகச் சண்டையால் கப்பலில் வருவது நின்றுபோயிருந்தது. புது மாத்திரை ஒன்று வேலை செய்யுமா என்று டாக்டர் எட்டுப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார். "மொதல்ல நான் திங்குதேன் ஐயா" என்று நீதான் முந்திக்கொண்டாய்.

கண்ணுக்குத் தெரியாத அமீபா என்ற பூச்சி குடலைத் தின்கிறது, சிலருக்கு ஈரலுக்குப் போகும், அபூர்வமாக மூளைக்கும் ஏறிவிடும் என்று டாக்டர் அன்றே சொன்னார். அது செத்ததா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்க, காலையில் கழிக்கிற மலத்தைச் சூடு ஆறுமுன் கொண்டுவர வேண்டும். சூடாக இருந்தால் பூச்சி ஊரும். ஆறிவிட்டால் சுருண்டு கிடக்கும், இருப்பதே தெரியாது. மலச் சட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உடனே எடுத்துவாருங்கள் என்று கம்பவுண்டர் வீட்டாட்களிடம் இரண்டு தடவை சொன்னார். அம்மா இல்லாத வீட்டில் உனக்கு வீட்டாள் நான்தானே.

அண்ணே, சளியும் ரத்தமுமாக அது கிடந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மைக்ரோஸ்கோப் இருந்த அறைக்குப் போக ஆண்கள் வார்டு முழுவதையும் தாண்ட வேண்டும். கையில் அதை வைத்துக்கொண்டு அத்தனை ஆண்கள் முன்னால் எப்படி நடப்பேன்? மூடி போட்டு, வெந்நீரும் இல்லாமல், கடல் பக்கத்து வராந்தாவில் வைத்துவிட்டு வாந்தியெடுத்தேன். எல்லாரும் கஞ்சிக்குப் போனபிறகுதான் கொண்டுபோனேன். சட்டி சில்லென்று இருந்தது. இப்படி மூன்று நாள்.

மூன்று நாளும் ஒன்றும் ஊரவில்லை. வயிறு சுத்தம், எட்டு நாள் மாத்திரை போதும் என்றார்கள். பேதியும் குறைந்திருந்தது. நீ விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாய்.

பிறகு விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. உன்னால் வலக்கையைத் தூக்க முடியவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்டாய்.

நீ போனபின், வயிற்றுநோய் குணமாகிவிட்டது, இது வேறு மூளைக்காய்ச்சல் என்று எழுதிவிட்டார்கள். பூசைக்கு வந்த கம்பவுண்டர் ஆறுதலாகச் சொன்னார்: "ஒங்க அண்ணனுக்கு எட்டே நாள்ல சுத்தமாச்சு. அத வச்சுத்தான் இப்ப எல்லாருக்கும் மாத்திரைய எட்டு நாளோட நிப்பாட்டுதோம்." அப்போதுதான் எனக்குக் குமட்டியது. என் ஆறின சட்டியை நம்பி இன்னும் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள்?

மறுநாள் டாக்டர் முன்னால் போய் நின்றேன். அவர் இரண்டு முறை என்னவென்று கேட்டார். தரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"மூணு சட்டியும் ஆறிப்போயிருந்துச்சு ஐயா. நாந்தான் அருவருப்புப்பட்டு வெளிய வச்சேன்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோட்டை எடுத்து, உன் பேருக்கு நேரே 'குணம்' என்பதை அடித்துவிட்டு 'தெரியாது' என்று எழுதினார். அன்று வீட்டுக்கு அனுப்ப இருந்த காயல்பட்டினத்துப் பெரியவரை நிறுத்திவைத்தார். துணைக்கு ஆளில்லாத மனிதர் அவர். மறுநாள் அவருடைய சட்டியை நான்தான் வெந்நீரில் வைத்து, அத்தனை கட்டில்களையும் தாண்டி எடுத்துப்போனேன். "மகளே, ஒனக்கு ஏன் இந்த வேலை?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். சளித்துளி போல ஒன்று, ஒரு பக்கம் நீண்டு, உடம்பை அதற்குள் ஊற்றிக்கொண்டு மெல்ல நகர்ந்தது. உள்ளே ரத்தத்தை விழுங்கி வைத்திருந்தது. உன்னைத் தின்றதும் இதுதானா? ஓடிப்போய் வாந்தியெடுத்தேன். பெரியவருக்கு மாத்திரை தொடர்கிறது. எட்டு நாள் கணக்கையும் டாக்டர் விட்டுவிட்டார்.

நான் சூடாகக் கொண்டுபோயிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? டாக்டரிடம் கேட்டேன். அதற்கும் தெரியாது என்றுதான் சொன்னார்.

அருவருப்பு போகவில்லை அண்ணே, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் ஆளில்லாதவர்களுக்கு நான் தினமும் காலையில் போகிறேன். இனி ஒரு சட்டியும் என் கையில் ஆறாது. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்த மூக்குப்பொத்தி,
பிலோமி