நாற்பத்தொரு நரையிலை

2023 பெப்ரவரி 7
பேத்தி தனுஷியா கம்பசிலிருந்து வந்தாள். வாவிக்குள் இருக்கும் சின்னத் தீவில் நாளைக்கு நரையிலைச் செடியின் இலை பறிக்கப்போகிறாளாம். உலகத்தில் வேறெங்கும் அது இல்லையாம். மொத்தம் நாற்பத்தொரு செடி. பூக்கும், காய்க்காது. ஏன் என்று மரபணுவில் பார்ப்பாளாம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் பேத்தி இலைக்கு டாக்குத்தர். பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளைக்குச் சொன்னேன். அவளுக்குச் சொன்னால் குருக்கள்மடம் முழுக்கச் சொன்ன மாதிரி.

பெப்ரவரி 8
நாற்பத்தொரு இலை, நாற்பத்தொரு கடதாசிப் பக்கற். நம்பர் எழுதியது நான். சீதேவிப்பிள்ளை எட்டிப் பார்த்தாள்.
"இலைக்கு என்னகா வருத்தம்? மருந்து குடுக்கப்போறீங்களா?"
"வருத்தமில்லகா. ஆருக்கு ஆர் சொந்தமெண்டு பாக்கிறாங்க."
"பெத்தா சொல்லுறது சரிதான்" என்றாள் தனுஷியா. அதுவும் சீதேவிப்பிள்ளையின் காதில் விழுந்தது. நல்லது.

மே 19
முடிவு வந்தது. தனுஷியா சோறு தின்னவில்லை.
"நாப்பத்தொண்டும் ஒண்டுதான் பெத்தா. ஒரே செடிட கொப்பு. இது தன்ட மகரந்தத்தில காய்க்காது. வேற செடி வேணும். அது இல்ல. ஆரோ வெட்டி நட்டிருக்காங்க."
நான் மீன்கறியைச் சூடாக்கினேன்.

மே 20
ஆரோ இல்லை. நான்.
எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருஷம் அந்தத் தீவில் ஆட்டுப்பட்டி அடைத்தோம். நரையிலையை ஆடு தின்னாது. கொப்பை நட்டால் வேர்விடும். உயிர்வேலிக் கதியாலுக்கு வேறென்ன வேணும்? செடிகள் ஏன் சதுரமாக நிற்கின்றன, ஒரு பக்கம் மட்டும் ஏன் வாசற்படலை அளவு இடைவெளி என்று படித்தவர்கள் ஒருவரும் கேட்கவில்லை.
வேறொரு நரையிலை ஏறாவூரில் நிற்கலாம் என்று மட்டும் சொன்னால் போதாதா? எப்படித் தெரியும் என்று கேட்பாளே. சீதேவிப்பிள்ளைக்குத் தெரிந்தால் — சீ, என்ன மனம் இது.

மே 21
சொன்னேன். அப்போது தீவில் இரண்டே நரையிலைப் பற்றை. ஒன்றை எங்கள் வேலிக்கு வெட்டினோம். மற்றதை என் கூட்டாளி ஏறாவூர் றபீக்கா தன் ஆட்டுப்பட்டி வேலிக்கென்று கட்டுக்கட்டாய் ஏற்றிப்போனாள். இரண்டும் அடியோடு முடிந்தன. தனுஷியா கொப்பியைத் திறந்தாள்.
மறுகா, "படலை எந்தப் பக்கம் பெத்தா?" என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

மே 23
ஏறாவூர். றபீக்காவின் வேலி இப்போது மதில். அவளைக் கண்டதும் கேட்டேன்.
"எல்லாத்தயும் வெட்டிட்டியாகா?"
"கக்கூசுக்குப் பின்னால ஒண்டு நிக்கி. எத்தினதரம் வெட்டினாலும் தழைக்கிது, சனியன்."
தனுஷியா சனியனைக் கும்பிடாத குறை.

ஜூலை 30
றபீக்கா வீட்டில் நிற்பது வேறு செடிதான். முடிவு கடிதத்தில் வந்தது.

ஓகஸ்ட் 14
றபீக்கா வீட்டுப் பூவின் மகரந்தத்தைச் சின்னத் தூரிகையில் எடுத்துத் தனுஷியா தீவுப் பூக்களில் தடவினாள். சீதேவிப்பிள்ளைக்கு முழுக்கதையும் நானே சொன்னேன். குருக்கள்மடம் முழுக்கப் போய்ச்சேர அரை மணித்தியாலம்தான்.

நவம்பர் 12
தீவில் பலகை வைத்துவிட்டார்கள்: அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது.
"உன்ட ஆட்டுப்பட்டிக்க உன்னயே விடமாட்டாங்களாமே?" என்றாள் சீதேவிப்பிள்ளை.
ஓம் என்றேன்.
காய்களுக்குத் தனுஷியா வலைப்பை கட்டியிருக்கிறாள். தோணியில் இருந்தபடியே எண்ணினேன். ஏழு.