வேலிக்கு வெளியே ஒரு வாய் சீனி

புக்கிட் பெலண்டோக்
10.3.1957

அன்புத் தம்பி கணேசமூர்த்திக்கு,

அக்காள் பஞ்சாலை எழுதுகிறேன். சிங்கப்பூரில் கப்பல்களைப் பார்த்துப் பார்த்து எங்களை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. தீபாவளிக்குப் பிறகு உன் கையெழுத்தையே காணோம்.

உன் மாமாவுக்கு இனிப்புநீர் வியாதி என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கால் புண் ஆறவில்லை என்று போனபோதுதான் தெரிந்தது. ஊசி போடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தார். டாக்டர் ஏதோ புது மாத்திரை வந்திருக்கிறது என்று கொடுத்தார். கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் அதைத் தமிழில் எடுத்துச் சொன்னது இவ்வளவுதான்: "காலையில ஒண்ணு. ஒரு நாளும் விடக்கூடாது. இனிப்பு தொடக்கூடாது." மனிதர் அதைச் சாமி வாக்குப் போலப் பிடித்துக்கொண்டார். எழுந்ததும் மாத்திரை, பிறகுதான் முகம் கழுவுகிறார்.

ஆனால் ரப்பர் மரம் வெட்டப் போன இடத்தில் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சந்திரன், "விடியக்காலையிலேயே கள்ளா, வீரமுத்து?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். அந்த அவமானத்தில் என்னோடும் பேசவில்லை. உன் வேலையிடத்தில் மருந்துச்சாலை இருக்கிறதே, மாத்திரைப் பெயர் எழுதிய சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், விசாரித்து உடனே எழுது.

உன் அக்காள்,
பஞ்சாலை

சிங்கப்பூர்
18.3.1957

என் அன்பான அக்காவுக்கு,

எழுதாமல் இருந்ததற்கு நேரில் வரும்போது திட்டிக்கொள். இப்போது இதைக் கவனமாகப் படி.

எங்கள் மருந்துச்சாலையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற ஜபருல்லா பாய் இருக்கிறார். மாத்திரையின் பெயரைச் சொன்னதும், "வெறும் வயித்துலயா சாப்பிடுறாரு?" என்று பதறிவிட்டார். அந்த மாத்திரை ரத்தத்தில் இருக்கும் சீனியை இறக்குமாம். சாப்பாட்டோடுதான் சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் உடம்பை வருத்தி வேலை செய்தால் சீனி ஒரேயடியாக இறங்கிவிடும். நடுக்கம், வேர்வை, பேச்சு குழறல், அப்புறம் மயக்கம். நடுக்கம் வந்த உடனே, நினைவு இருக்கும்போதே, சீனியை வாயில் போட வேண்டும். அந்த நேரத்துக்கு மட்டும் அதுதான் மருந்து. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதே, மூச்சுக்குழலில் போய்விடும். ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நேரத்தை மாற்றவும் வேண்டாம். மாமா எப்போது சாப்பிடுகிறார் என்பதை டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். அதுவரை அவர் சட்டைப்பையில் கொஞ்சம் சீனி எப்போதும் இருக்கட்டும். அந்த நடுக்கம் அவர் குற்றம் இல்லை என்று மாமாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

அன்புத் தம்பி,
கணேசமூர்த்தி

புக்கிட் பெலண்டோக்
30.3.1957

அன்புத் தம்பிக்கு,

சட்டைப்பையில் சீனியா! எங்கள் குடியிருப்பைச் சுற்றி வேலியும் கேட்டும் போட்டிருப்பதை மறந்துவிட்டாயே. முன்பு வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போனோம். இப்போது கேட்டில் சோதனை போடுகிறார்கள், ஒரு பருக்கை வேலியைத் தாண்டக்கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். பொதுச்சமையலில் வேகிற சோறுதான், அதுவும் வேலை முடிந்து வந்த பிறகுதான். விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு நிற்கும்போது அடுப்பே மூட்டியிருக்க மாட்டார்கள். எப்படியோ இரண்டு பிஸ்கோத்து தின்ன வைக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் அது எங்கே போகிறதோ.

கணக்கெழுதும் கிராணியைக் கூட்டிக்கொண்டு தோட்டத் துரையிடம் போனேன். துரை போலீஸ் அதிகாரியைக் கேட்கச் சொன்னார். அதிகாரி, "உன் புருஷனுக்கு விட்டா, நாளைக்கு எல்லாருக்கும் வியாதி வந்துடும்" என்று சிரித்தார்.

முந்தாநாள் ஒரு பொட்டலம் சீனியைக் கொண்டைக்குள் வைத்துக் கட்டினேன். உன் மாமா பார்த்துவிட்டுத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டார். "மாட்டுனா உன்னைக் கொண்டுபோய் உள்ள வச்சிடுவான். அப்புறம் நான் யாரைலா பார்த்துக்கிட்டு இருக்கிறது?" என்றார்.

வியாழக்கிழமை பஸ் ஏறி டாக்டரிடம் போகிறோம். இந்தத் தடவை டிரஸ்ஸரிடம் நானே பேசுவேன்.

பஞ்சாலை

டவுன் ஆஸ்பத்திரி
10.4.1957

தம்பி,

வியாழக்கிழமை ராணுவம் ரோட்டை அடைத்துவிட்டது. பஸ் வரவில்லை. "டாக்டர் நாளைக்கும் இருப்பார்" என்று உன் மாமா பால் வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். மாத்திரையை அதற்கு முன்பே விழுங்கியிருந்தார்.

பக்கத்து மர வரிசையில், அடுத்த நிரையில்தான் நான் வெட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பட்டையை விட்டுவிட்டு மரத்தையே கொத்திக்கொண்டு நிற்கிறார். கூப்பிட்டேன். பதில் குழறியது. நீ எழுதியதெல்லாம் எனக்குத் தெரியும் தம்பி. என்ன கொடுக்க வேண்டும் என்று தெரியும். அத்தனை பேரிடமும் கேட்டேன். யாரிடமும் ஒரு துளி இல்லை.

கேட்டுக்கு ஓடினேன். காவலுக்கு நின்றவன் நம் முத்தாயி மகன்தான். "ஒரு கை சீனி குடுப்பா" என்று காலில் விழுந்தேன். "அக்கா, ஆளை உள்ள கொண்டாந்துடுங்க. வெளிய கொடுத்தா என்னைத் தொலைச்சிடுவாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

சந்திரன்தான் அவரைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தார். வேலிக்கு உள்ளே வந்தபோது நினைவு தப்பிவிட்டது. யாரோ சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார்கள். ஊற்றக்கூடாது என்று நீ எழுதியிருந்தாயே. குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். லாரிக்கு உத்தரவு வருகிறவரை அப்படியே நின்றேன்.

இங்கே நரம்பில் மருந்து ஏற்றினார்கள். ரொம்ப நேரம் கழித்துத்தான் கண் திறந்தார். "மதியச் சாப்பாட்டோட கொடுத்திருக்கலாமே, சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே" என்று டாக்டர் வருத்தப்பட்டதாக டிரஸ்ஸர் சொன்னார். எப்போது சாப்பிடுகிறார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

உயிர் இருக்கிறது. கஞ்சி குடிக்கிறார். மூளைக்கு அடி விழுந்துவிட்டது, எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். லீவு கிடைத்தால் வா. உன்னையாவது தெரிகிறதா பார்ப்போம்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை 'ஏ புள்ள' என்பார், 'நீ' என்பார். இன்று காலை பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, கையைக் கூப்பி, "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்று சொன்னேன்.

பஞ்சாலை