பள்ளிக்கூடம் விடும் நேரம்

மாமல்லபுரம்,
ஞாயிறு.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஹனியாவும் மாமாவும் சுகம். அந்த வெயிலில் உங்களையும் அல்லாஹ் சுகமாக வைத்திருப்பானாக.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். போன் அடித்தால் முதலில் எடுப்பது மாமா, கடைசியில் வைப்பதும் அவர்தான். நடுவில் என் கைக்கு வந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை அவர் முன்னால் பேச முடியாது. பேசிப் பதிவு செய்து அனுப்பலாம் என்றால், இரண்டாவது வரியிலேயே நிறுத்தி அழித்துவிடுகிறேன். அணுபுரத்துக் கிருபாகரன் அண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத் திரும்புகிறார். முறுக்கு டப்பாவோடு இதையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கைப் பிறகு சாப்பிடுங்கள்.

ஹனியாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அத்தா வருவதற்குள் முளைத்துவிடுமா, முளைத்தால் அத்தாவுக்கு ஓட்டை தெரியாதே என்று கவலைப்படுகிறாள். நீங்கள் கடைசியாக வந்தபோது அவளுக்குப் பல் எத்தனை என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். கடையில் தொப்பியும் துணிப்பையும் நன்றாகப் போகின்றன. கல்லாவில் இப்போது மாமாவுக்குப் பதில் நம் கடைப் பெண் ரேணுகாதான் உட்காருகிறாள். மாமா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெள்ளைக்காரர்களுக்கு வணக்கம் சொல்கிறார். கல்லாவை விட்டுத் தானாகவேதான் எழுந்து வெளியே போனார். "சில்லறை குடுக்கறதுக்குள்ள கஸ்டமர் ஊருக்கே போய்டறான்மா" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன்.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அவர் தொழுகையைப் பார்த்துத்தான். ரக்அத் எண்ணிக்கையில் மறதி வந்தால் முடிவில் நெற்றியைத் தரையில் வைத்து இரண்டு ஸஜ்தா கூடுதலாகச் செய்வோமே, அதை அவர் எப்போதாவது ஒரு முறை செய்து பார்த்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு தொழுகையிலும் செய்கிறார், சரியாகத் தொழுத நாளிலும் கூட. சந்தேகம் இல்லாதபோது தேவையில்லை பாய் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். "ஹஜ்ரத், எனக்கு இன்னாத்துல சந்தேகம் இல்லன்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாராம். இப்போது சாயங்காலம் மஃரிபுக்கு வீட்டில் ஹனியாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார். அவள் மூன்று ரக்அத்துக்கு மூன்று விரலை நீட்டி வைத்து, ஒவ்வொன்றாக மடக்குகிறாள். பாதியில் ஈ வந்து உட்கார்ந்தால் அவளுக்கும் கணக்குப் போய்விடுகிறது.

இதுவரை படித்துவிட்டுப் பயந்திருப்பீர்கள். பொறுங்கள், இன்னும் இருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் மாமா வழக்கம்போல ஹனியாவைக் கூட்டி வரப் போனார். நேரமாகியும் வரவில்லை. நான் துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கும்போது உங்கள் ஆட்டோ ஜெரோம் போன் செய்தார். "தங்கச்சி, பாய் இங்க நம்ம பெரிய ஸ்கூல் கேட்டாண்ட நின்னுகினு கீறாரு. பாப்பாவும் கூட கீது. ஏறுங்கன்னா ஏற மாட்டேன்றாரு. அய்மன் வரட்டும், சேந்து போலாம்ன்றாரு" என்றார்.

நீங்களும் ஜெரோமும் படித்த அதே பள்ளிக்கூடம், மச்சான். ஹனியாவைச் சரியாக அவளுடைய பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நேராக உங்களைக் கூட்டி வரப் போயிருக்கிறார். ஜெரோம் சமயோசிதமாக, "அய்மன் முன்னாடியே வூட்டுக்குப் போய்ட்டான் பாய், வாங்க" என்று சொல்லி ஏற்றி வந்தார். மாமா உள்ளே வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். சுவரில் நம் கல்யாணப் படத்துக்கு எதிரே நின்றார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குக் குழந்தையை அணைத்துக்கொள்வதா, அவரைத் தேற்றுவதா என்று புரியவில்லை. ஹனியாவோ கொஞ்சமும் பயப்படவில்லை. "எல்லா அண்ணாவும் வெளிய வந்தாங்கம்மா, அத்தா மட்டும் வரல. அத்தா எந்த கிளாஸு?" என்று கேட்டாள்.

மறுநாளிலிருந்து நானே போய்க் கூட்டி வருகிறேன். செங்கல்பட்டில் நரம்பு டாக்டரிடமும் மாமாவைக் காட்டினேன். ஹரிப்ரியா என்று பெயர், பொறுமைசாலி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "இன்னா டாக்டரம்மா இப்டி இழுத்துகினு கீறீங்க, கடைசி வெல சொல்லுங்க" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஆனால் முதலில் சொல்லிவைத்த மூன்று வார்த்தைகளைக் கேட்டபோது ஒன்றுகூட வரவில்லை. "சரக்கு தீந்துபோச்சி, நாளைக்கு வாங்க" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

பிறகு மூளை ஸ்கேன். அந்த இயந்திரத்துக்குள் பெரியவர்கள் பலர் பயப்படுவார்களாம். இவர் உள்ளே போய்த் தூங்கிவிட்டார். "உள்ள நம்ம சிற்பப் பட்டற சத்தம்தான், நாள் பூரா கேக்கறதுதானே" என்றார்.

படத்தைக் காட்டி டாக்டர் எங்களுக்கு விளக்கினார். புதிய ஞாபகங்களைச் சேர்த்து வைக்கிற இடம் இவர் வயதுக்கு அதிகமாகவே சுருங்கியிருக்கிறதாம். தன் வேலையெல்லாம் தானே பார்த்துக்கொள்வதால் இப்போதே டிமென்ஷியா என்று சொல்ல மாட்டாராம். ஆனால் மறதியோடு வந்து, படமும் இப்படி இருப்பவர்களில் நிறையப் பேருக்கு மூன்று நான்கு வருஷத்தில் அது வந்துவிடுகிறது, சிலருக்கு வராமலே போகிறது என்றார். கல்லூரியில் நிகழ்தகவு பாடத்தில் பைக்குள்ளிருந்து சிவப்புப் பந்தும் கறுப்புப் பந்தும் எடுத்து எடுத்து நான் வாங்கிய மார்க்கெல்லாம் ஞாபகம் வந்தது. அந்தப் பைக்குள் நம் வீட்டு ஆளே இருந்தால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தரவில்லை.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் படத்தின் பக்கம் குனிந்து, "இதுல எம் புள்ள அய்மன் எங்க கீறான்? அத காட்டுங்க" என்றார். அப்படிக் காட்ட முடியாது அய்யா என்றார் டாக்டர். "இருக்கறத காட்ட முடியல, போவப் போறத மட்டும் எப்டிமா சொல்றீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம் சத்தியம் கேட்டார், உங்களிடம் சொல்லக் கூடாதென்று. "அவன் வந்து இன்னா பண்ணப் போறான், சுருங்கனத இழுத்து வுடப் போறானா? பயந்துகினு ஓடியார புள்ள எனக்கு வேணாம் சுராயா. ஆசையா வந்தா வரட்டும்" என்றார். நான் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. அதனால் இதை எழுதுவது மீறியதாக ஆகாது என்று நினைக்கிறேன்.

மாத முடிவில் அடுத்த இரண்டு வருஷத்துக்குக் கம்பெனியில் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னீர்களே, அன்றிலிருந்து இரண்டு வருஷம் என்ற வார்த்தை எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. டாக்டர் சொன்னது நடக்காமலே போகலாம். போனால் அல்லாஹ்வுக்கு ஆயிரம் ஷுக்ரு செய்வேன். அப்போது, இதை நம்பி வரச்சொன்னாயே என்று நீங்கள் என்னைத் திட்டலாம், கேட்டுக்கொள்கிறேன். வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு மாதம் வாருங்கள். அதற்குப் பிறகு முடிவு செய்வோம். போனில் தெரிகிற உங்கள் முகத்தை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் தோள் எவ்வளவு உயரத்தில் வரும் என்பதுதான் இப்போதெல்லாம் சரியாகத் தெரியவில்லை. மறதி மாமாவுக்கு மட்டுமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் நான் மாமாவையும் ஹனியாவையும் அந்தப் பெரிய பள்ளிக்கூட வாசலுக்குக் கூட்டிப் போகிறேன். மாமாதான் கேட்டார். அய்மன் வர மாட்டான்னு தெரியும்மா, சும்மா நின்னுட்டு வருவோம் என்றார். மணி அடித்து, பிள்ளைகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி வருவதைப் பார்க்கிறார்கள். ஹனியா மட்டும் இன்னமும் நிஜமாகவே தேடுகிறாள்.

ஏர்போர்ட்டில் இறங்கினால் நேராக வீட்டுக்கு வராதீர்கள் மச்சான். யாரிடமும் சொல்லவும் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வாருங்கள். ஜெரோம் உங்களைப் பெரிய பள்ளிக்கூடத்துக்குள் பின்பக்கமாகக் கொண்டுபோய் விடுவார். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், அந்தப் பிள்ளைகளோடு பிள்ளையாக, கேட் வழியாக வெளியே வாருங்கள். யாருக்காக நிற்கிறோம் என்பது மாமாவுக்கு இன்னும் தெரிகிறது.

அவர் கேட்டால் நான் எதுவும் எழுதவில்லை. நீங்கள் ஆசையாக வந்தீர்கள்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆமீன்.

உங்கள்,
சுராயா.