பீற்றிஸ் வீட்டுக் கதவுநிலை

கொழும்பு,
1969 ஆவணி 12

மாதா காவல்.

அன்புள்ள மச்சானுக்கு அஞ்சலா எழுதுவது. நின்றபடி வாசிக்காமல் இருந்து வாசியுங்கள். நம் மகள் பீற்றிஸின் சிறுநீரகம் அழுகவில்லை! டொக்டர் பாறூக் சற்றுமுன் கட்டிலடிக்கு வந்து சொன்னார். கட்டில் விளிம்பில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊசி குத்த விடாதே, முதுகில் துளை போட்டால் இருக்கிறதும் போய்விடும் என்று சொல்லியனுப்பினீர்கள். நான் சம்மதித்துக் கையெழுத்து வைத்தேன். உடம்பு வீங்குவதும் சிறுநீரில் சத்துக் கசிவதும் பல நோய்களுக்கு ஒன்றுபோலத்தான் இருக்குமாம். ஒன்று விழுங்கும் குளிசைக்கு அடங்கும், மற்றது அடங்காது. எது என்று அறிய, சிறுநீரகத்தில் ஒரு துணுக்கை ஊசியால் எடுத்து, பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். சோறு வடிக்கிறவளுக்கு இது விளங்காதா?

வயிற்றுக்குக் கீழே மணல் மூட்டை வைத்துக் குப்புறப் படுக்கவிட்டு, இடம் விறைக்க மருந்து போட்டு, மூச்சை அடக்கச் சொன்னார்களாம். வாவியில் ஆண்பிள்ளைகளைத் தோற்கடித்து மூச்சுப்பிடித்து முழுகுகிறவளிடமா? ஊசியை எடுத்த பிறகும் இவள் மூச்சு விடவில்லை. டொக்டர்தான் பயந்துபோய், விடு பிள்ளை, மூச்சை விடு என்று கத்தியிருக்கிறார். வார்டு முழுக்க இதே சிரிப்பு. பிறகு சிறுநீர் சிவப்பாய்ப் போனபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உங்கள் பேச்சைக் கேட்டிருக்கலாமோ என்று செபமாலையும் கையுமாய் இருந்தேன். மறுநாள் தெளிந்துவிட்டது.

இன்று டொக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்கட மகள்ட கிட்னி பழுதாகல்ல. இது குளிசைக்கு அடங்குற வகை. திரும்பி வந்தாலும் பயப்பிடாதீங்க, திரும்பவும் அடக்கலாம்." டொக்டர் நம் பக்கத்து ஏறாவூர்க்காரர். அவர் வாயில் நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதே பாதி மருந்து. குளிசையால் முகம் உருண்டுபோகுமாம். பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளை மாமி இது புது வீக்கம் என்று ஊரைக் கூட்டினால் நம்பிவிடாதீர்கள். உப்பில்லாச் சோறுதான் இவளுக்குப் பெரிய துன்பம். கருவாட்டைக் கனவில் காண்கிறாளாம்.

மச்சான், இன்னொன்று. மகளுக்குச் சீதனமாய் வீடு கட்டிக் கொடுக்காத தகப்பன் நம் பக்கத்தில் உண்டா? பீற்றிஸுக்கென்று தொடங்கிய வீட்டை, அவள் படுக்கையில் விழுந்த மாதமே சுவரோடு நிறுத்தினீர்கள். மரம் கிடைக்கவில்லை என்றீர்கள். ஆனால் பின்வளவில் அறுத்த முதிரை மரம் படங்குச் சீலை மூடிக் கிடந்ததை நானும் கண்டேன்.

தச்சனைக் கூப்பிட்டுக் கதவுநிலையை நிறுத்துங்கள். மாரி பிறக்குமுன் கூரை ஏறட்டும். அவளுடைய உயரம் உங்களுக்குத் தெரியும்தானே, குனியாமல் நுழையட்டும்.

மாதா உங்களைக் காக்க,
உங்கள் அஞ்சலா