எந்த ஊர்ச் சாமி

மச்சான்,

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டைத் தேடும்போது அந்த மஞ்சள் துணி கையில் பட்டது. நீ பிடிமண் கட்டிக்கொண்டு வந்தாயே, அதே துணி. எத்தனை முறை அலசியும் செம்மண் கறை போகவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. நான் வேதக்காரன்தான், ஆனாலும் பயம் பயம்தானே. காலையில் உன் தம்பி போனில் பேசியதிலிருந்து அது ஜாஸ்தியாகிவிட்டது. உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன், சொல்லு?

சிதம்பரத்தில் நாம் வேலை பார்த்த பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாம் போடாத சண்டையா? நீ தமிழ் வாத்தியார், நான் வரலாறு. பழைய பதிகங்களை விரித்து வைத்துக்கொண்டு ஆரம்பிப்பாய். "பாரு, ஊரச் சொல்லாம சாமிய ஒருத்தராச்சும் கூப்புடறாங்களா? அந்த ஊரு வயலு, கொளம், அதுல ஓடுற மீனு வரைக்கும் சொல்லிட்டுதான் சாமிகிட்டயே வராங்க. ஊரு இல்லன்னா அவரு யாருன்னே தெரியாதுடா." நான் விடுவேனா? எங்கள் கடவுள் கூடாரத்தில் குடியிருந்து ஜனங்களோடு நடந்தவர், இடமெல்லாம் ஒரு விஷயமா என்பேன். "அப்புறம் எதுக்கு அந்த நாட்ட நெனச்சு நெனச்சு அழுவுறாங்களாம்?" என்று மடக்குவாய். நாடு கடத்தப்பட்டு அந்நிய ஆற்றங்கரையில் பாட்டு வாயில் வராமல் உட்கார்ந்திருந்தவர்களின் கதையை உனக்குச் சொல்லித் தொலைத்தவனே நான்தான்.

அப்போதெல்லாம் அது வெறும் வாய்ச்சண்டை. பிறகு உன் ஊரையே ஒரு கம்பெனிக்கு எடுத்துக்கொண்டார்கள். மழைக்காலத்தில் கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கிற கறுத்த களிமண் ஊர். பங்காளிகள் எல்லாரும் முதுநகர் தாண்டி மனை வாங்கி வந்துவிட்டீர்கள். உங்கள் குலதெய்வம் வீரனார் மட்டும் அங்கேயே நின்றார். அவர் காலடியில் ஒரு பிடி மண் எடுத்து வந்து புது இடத்தில் போட்டால் அவரும் கூடவே வந்துவிடுவார் என்றாய். சாமியாடி வீடு உன் வீடு என்பதால் எடுக்க வேண்டியவன் நீ. எங்கள் வேதத்தில் நோய் தீர்ந்த ஓர் அந்நியப் படைத்தலைவன், தன்னைக் குணமாக்கிய ஊரின் கடவுளைத் தன் ஊரில் கும்பிடுவதற்காகக் கோவேறு கழுதைகளில் அங்கிருந்து மண் சுமந்து போனதைச் சொன்னேன். மேசையைத் தட்டிச் சிரித்தாய். "அவனும் நம்மாளுதாண்டா மச்சான்!"

மார்கழியில் வேண்டாம், தை பிறக்கட்டும் என்று உங்கள் பெரியவர்கள் தள்ளிப்போட்டதுதான் வினையாகிவிட்டது. என் ஸ்கூட்டரில் நாம் போய் இறங்கியபோது கோயிலும் இல்லை, மரமும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச்செவேலென்று கிராவல் மண். நடுவில் ஒரு லாரி நின்றது. "எங்கத்தி மண்ணுங்க இது?" என்று டிரைவரைக் கேட்டாய். "மங்கலம்பேட்ட பக்கம் சார். ஆளு ஒசரத்துக்குக் கொட்டியாச்சு" என்றார். நீ மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினாய். நகம் பிய்ந்ததே தவிர கறுப்பு தென்படவில்லை.

பக்கத்து வயலில் எடுத்துக்கொள்ளேன் என்றேன். "அது அவரு எல்லைக்கு வெளிய மச்சான். அவரு நின்ன எடத்துல இப்ப இருக்கறது இதுதான். பங்காளிங்க பந்தல் போட்டுட்டுக் காத்துட்டு இருக்காங்க, வெறுங்கையோட எப்பிடிப் போவேன்?" அந்தச் செம்மண்ணையே அள்ளி முடிந்தாய். புது இடத்தில் துணியை அவிழ்ப்பதும் மண்ணைக் குழியில் போட்டு மூடுவதும் சாமியாடி ஒருவன்தான் என்பதால் வேறு யாரும் பார்க்கவில்லை. போட்டு முடித்ததும் துணியை என் வண்டியில் திணித்தாய். "இது எங்க வூட்டுல இருக்க வேணாம்டா."

பம்பை அடித்தார்கள். உன்மேல் சாமி வந்தது. உன் பெரியப்பா கற்பூரத் தட்டோடு முன்னால் வந்து, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "யாரு வந்திருக்கறது? எந்த ஊரு சாமி நீ? சொல்லு!" நீ வாயைத் திறந்தாய், மூடினாய். தொண்டை ஏறி இறங்கியது. ஊர்ப் பேரைச் சொல்லாமலே சரிந்து விழுந்தாய். கோபத்தில் வந்திருக்கிறார், போகப்போகப் பேசுவார் என்று கூட்டம் சமாதானம் சொல்லிக்கொண்டது.

மறுநாள் பள்ளிக்குப் போகிற பாசஞ்சர் ரயிலில் என் காதோடு சொன்னாய். "வேற ஊரு பேரு ஒண்ணு நாக்கு வரைக்கும் வந்துச்சு மச்சான். முழுங்கிட்டேன்." எந்த ஊர் என்று கேட்டேன், தலையை ஆட்டிவிட்டாய். ஆற்றங்கரைக் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாய். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதன்பின் யாராவது "சாருக்கு எந்த ஊரு?" என்று சாதாரணமாகக் கேட்டாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். அடுத்த திருவிழாவுக்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. பாவி, அந்த மண்ணை என் ஒருவன் நெஞ்சில் போட்டுவிட்டுப் போய்விட்டாயே!

இனி காலையில் நடந்ததைக் கேள். உன் தம்பி பேசினான். குரலே சரியில்லை. "அண்ணா, நேத்து பூசையில எம்மேல சாமி வந்துடுச்சு. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. பெரியப்பா எந்த ஊருன்னு கேட்டாராம். மங்கலம்பேட்டன்னு சொன்னனாம். திருப்பித் திருப்பிக் கேட்டும் அதையேதான் சொன்னனாம். எல்லாரும் மொறச்சுப் பாக்குறாங்க. நமக்கு மங்கலம்பேட்டைல யாருண்ணா இருக்காங்க?"

அவனுக்கு லாரி தெரியாது மச்சான். டிரைவர் சொன்னதும் தெரியாது. நீ யாரிடமும் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை.

"நேர்ல வரேன்பா" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். வெளியே மழை இருட்டிக்கொண்டு வருகிறது. உன் துணி மடியில் இருக்கிறது. நடந்ததைச் சொல்லிவிடலாம்தான். சொன்னதும் அவன் அடுத்து என்ன கேட்பான் என்பதும் தெரியும். "அப்ப நம்ம வீரனாரு எங்கண்ணா?" என்பான். அவர் அங்கேயேதான் இருக்கிறார், ஆள் உயரச் செம்மண்ணுக்குக் கீழே, நீங்கள் வந்து கூப்பிடுவீர்கள் என்று இன்னும் நின்றுகொண்டிருக்கிறார் என்று எந்த வாயால் சொல்வேன் மச்சான்?